நின்றால் குலுங்கும் கார்: தொப்பூர் இறங்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கார் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது. இதில் ஒன்று உங்கள் காரில் இருந்தாலும் அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே பானெட்டைத் திறங்கள்.

தட்டையான ஊர்க்காரருக்கு இது வெறும் எரிச்சல். தருமபுரிக்காரருக்கு அப்படியில்லை. சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். ஒகேனக்கல் போனாலும் வத்தல்மலை போனாலும் சரிவும் வளைவும்தான். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் ஆஃப் ஆகிற எஞ்சின், இறக்கத்தில் நீங்கள் கிளட்ச்சை மிதிக்கிற நேரம் பார்த்துத்தான் ஆஃப் ஆகும். அந்தச் சரிவில் நின்றுபோன காருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் பாரம் ஏற்றிய லாரி. தொப்பூரில் வரிசையாக நின்ற வண்டிகள் மீது 2020 டிசம்பரில் சிமென்ட் லாரி வந்து மோதியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐட்லிங் கோளாறில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது வரும் கோளாறில், கை சுட்டுக்கொண்டவர்களில் பலரும் கெட்டுப்போன பார்ட்டுக்காகப் பணம் இழக்கவில்லை. நன்றாக இருந்த பார்ட்டுகளை வரிசையாக மாற்றி இழந்தார்கள். ப்ளக், காயில், இன்ஜெக்டர், சென்சார் எல்லாம் மாற்றி முடித்த பிறகு, பிளந்துகிடந்த ஒரு ரப்பர் குழாய் கண்ணில் படும். ஆகவே முதலில் காரணம், அப்புறம்தான் பார்ட்.

செய்ய வேண்டியவை

• எப்போது குலுங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, பெட்ரோல் போட்ட மறுநாளிலிருந்தா, மழையில் நனைந்த பிறகா? குளிரில் மட்டும் வருவதற்கும் சூட்டில் மட்டும் வருவதற்கும் காரணங்கள் வேறு. "வண்டி ஒரு மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தால் பில்லும் ஒரு மாதிரிதான் வரும்.

• உங்கள் காருக்கு எது சரியான ஐட்லிங் என்று தெரிந்துகொள்ளுங்கள். சூடான பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 700 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிற்கும். காலையில் 1,200-க்கு மேல் தொடங்கி மெல்ல இறங்குவது கோளாறு இல்லை. ஆல்ட்டோ, வேகன்-ஆர் 1.0, க்விட், டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் கார்கள் பிறவியிலேயே கொஞ்சம் நடுங்கும். 2024-இல் வந்த புது ஸ்விஃப்ட்டும் மூன்று சிலிண்டர்தான். பழைய நான்கு சிலிண்டர் ஸ்விஃப்ட்டிலிருந்து மாறியவர்கள் "புது வண்டியே குலுங்குது" என்று ஷோரூமுக்கு அலைய வேண்டாம். அதே மாடல் கார் இன்னொன்றில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

• குலுக்கலின் தாளத்தைக் கவனியுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பரிசோதனைகளில் இதுதான் சிறந்தது. சைலன்சரில் "பட்... பட்... பட்..." என்று ஒரே இடைவெளியில் இடறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பது இதைத்தான். ப்ளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் தேடுங்கள். ஆர்பிஎம் முள் 600-க்கும் 1,200-க்கும் இடையே ஊஞ்சலாடினால் கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே போகிறது, அல்லது எஞ்சினுக்குள் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடி அழுக்கேறியிருக்கிறது. முள் அசையாமல் நிற்க, சீட்டும் டேஷ்போர்டும் மட்டும் நடுங்கினால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். எஞ்சின் மவுன்டிங் ரப்பர் போயிருக்கும். ஏசி போட்டதும் ஆர்பிஎம் தாழ்ந்து அணைந்தால் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடி மீதுதான்.

• செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டு எரர் கோடு பாருங்கள், அந்த எண்ணை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். 2013-க்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பி0301, பி0302, பி0303, பி0304 என்றால் முறையே ஒன்று முதல் நான்காம் சிலிண்டர் வரை மிஸ்ஸிங். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0505, பி0506, பி0507 மூன்றும் ஐட்லிங் கட்டுப்பாடு சரியில்லை என்பதற்கு. எந்தச் சிலிண்டர் என்று கோடு சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த வேலை.

• ஒரு சிலிண்டரில்தான் கோளாறு என்று தெரிந்தால், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். எஞ்சினை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, சூடு ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போடச் சொல்லுங்கள். மறுபடி ஓட்டும்போது பி0302 போய் பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். கோடு இடம் மாறவில்லையா, காயில் நல்லது. அடுத்து ப்ளக்கை இதே போல மாற்றிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் "நாலு காயிலும் மாத்திடலாம் சார்" என்கிற இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

• கழற்றிய ப்ளக்குகளை வரிசை மாறாமல் வைத்து முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சுகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. அதற்குப் புது ப்ளக் தீர்வாகாது. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் காற்று அதிகம். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வேறாக இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான்.

• ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள், வளைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆஃப் ஆகி ஆறியிருக்கும்போது செய்யுங்கள். மேலே நன்றாகத் தெரிகிற குழாய் அடிப்பக்கம் வெடித்திருக்கும். பிறகு ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று "உஸ்" என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

• பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயைத் தனியாகச் சோதியுங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். மிதிக்கும்போதெல்லாம் ஐட்லிங் மாறினால், காலடியில் காற்றுச் சத்தம் கேட்டால், பூஸ்டரோ அதன் குழாயோ கசிகிறது. இந்தக் கோளாறு எஞ்சினைக் குலுக்குவதோடு நிற்காது, பிரேக்கின் பலத்தையும் தின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து கார் நகரக்கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

• எலியைத் தேடுங்கள். மாந்தோப்புக்குள்ளும் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்திலும் நிறுத்துகிற கார்களில் இன்ஜெக்டர் வயர், சென்சார் வயர், சின்ன வேக்கம் குழாய் எல்லாம் எலிக்கு உணவு. புழுக்கையோ நார்க்குப்பையோ கண்ணில் பட்டால் வேறு எதையும் பார்க்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்.

• ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிரஷர் லாரி ஓடும் சாலையிலும் மண்பாதையிலும் தினமும் போகிற வண்டிக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. பாதி தூரத்திலேயே மாற்றுங்கள்.

• த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள், செய்தபின் ஐட்லிங்கைத் திரும்பக் கற்கவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகு எஞ்சினுக்குப் போகும் கொஞ்சக் காற்று, த்ராட்டில் தகட்டின் ஓர இடுக்கு வழியாகவோ அதன் பக்கத்துச் சின்ன வழியிலோதான் போகிறது. அங்கே கரி படிந்தால் மூச்சு முட்டும். சுத்தம் செய்த பிறகு சில கார்களில் ஐட்லிங் கொஞ்ச நேரம் தாறுமாறாக இருக்கும். பேட்டரி மாற்றினாலும் இப்படித்தான். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் புது அளவைக் கற்றுக்கொள்கிறது. முறை காருக்குக் கார் வேறு. சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் வேண்டும். வேலை முடிந்த கையோடு இதையும் செய்தாரா என்று கேளுங்கள்.

• பொல்யூஷன் சீட்டைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். அந்தச் சோதனை ஐட்லிங்கிலும் நடக்கிறது. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி. ஹைட்ரோகார்பன் எகிறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது மிஸ்ஸிங். கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகம் ஊற்றுகிறது. இவ்வளவு மலிவாக எஞ்சினின் மூச்சை அளந்து யாரும் சீட்டு எழுதித் தரமாட்டார்கள். ஆனால் பைப்பை நிஜமாகவே சைலன்சருக்குள் விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கொடுக்கும் சீட்டால் உங்களுக்குப் பயனில்லை.

• பெட்ரோல் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்றால் டேங்க்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மெக்கானிக்கிடம் சொல்லி டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பிள்ளைகள் பெங்களூரில், கார் ஊரில் தார்ப்பாய்க்குள் என்று மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகள் ஆடிப்பெருக்குக்கு எடுக்கும்போது இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

• பழைய காரென்றால் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் இந்த மாதமே பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. பெட்ரோல் கசிவு ஐட்லிங் பிரச்சினையோடு முடியாது, தீயில் முடியும்.

• பங்க்கில் சந்தேகம் வந்தால் அங்கேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், பில் வாங்குங்கள். காசு கேட்காமல் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் காய வேண்டும். கறை நின்றால் கலப்படம். தண்ணீரை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

• எல்பிஜி, சிஎன்ஜி வண்டியென்றால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சீராக ஓடினால் கோளாறு கேஸ் பக்கம்: ரெகுலேட்டர், ஃபில்டர், ட்யூனிங். இரண்டிலும் குலுங்கினால் ப்ளக், டாப்பெட் இடைவெளி பாருங்கள். கேஸில் ஓடும் எஞ்சினில் வால்வு இருக்கை சீக்கிரம் தேயும்.

• டீசல் காரென்றால் ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை இறக்குங்கள். பொலேரோ, சுமோ, இண்டிகா எதுவானாலும் முதல் வேலை இதுதான். அடுத்து லைனில் காற்று, அதற்கடுத்து கரியேறிய ஈஜிஆர் வால்வு, கடைசியாகத்தான் இன்ஜெக்டர்.

• வேலை ஆரம்பிக்கும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். பழையது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தேவையில்லாத மாற்றம் பாதி குறையும். தேடும் வரிசையும் இதுதான்: குழாய், வயர், ஃபில்டர், த்ராட்டில் பாடி, ப்ளக், காயில். இவை அனைத்தும் நல்லது என்று தெரிந்த பிறகே இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் டெஸ்ட், வால்வு. தலைகீழாகத் தொடங்குகிறவரிடம் காரணம் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• நின்றால் ஆஃப் ஆகும் காரைத் தொப்பூர் இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, பஸ்ஸில் போங்கள், வேறு வண்டி பிடியுங்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் இறக்கம். இரட்டைப் பாலத்துக்கு அருகே வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் முழுசாகத் தேவைப்படும் இடத்தில்தான் எஞ்சினும் உயிரோடு இருக்க வேண்டும்.

• மைலேஜுக்காக நியூட்ரலில் இறக்காதீர்கள். நல்ல காரிலும் இது தவறு, குலுங்கும் காரில் வினை. இன்ஜெக்‌ஷன் கார் கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால், சரிவில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐட்லிங்குக்காகப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். ஆக மிச்சப்படுத்துவதாக நினைத்துக் கூடுதலாகத்தான் செலவழிக்கிறீர்கள், அதற்கு மேல் எஞ்சின் பிரேக்கையும் இழக்கிறீர்கள். கார்பரேட்டர் காலத்து லாரி டிரைவர் பேச்சை இன்றைய காருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

• இறக்கத்தில் எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டால் பிரேக்கை மிதித்து மிதித்து விடாதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும்; அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இடப்பக்கம் ஒடியுங்கள், கியரை விடாதீர்கள், ஹேண்ட் பிரேக்கை மெல்ல ஏற்றுங்கள். கார் நிற்கும் வரை சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் ஹசார்டு லைட்டைப் போட்டு, எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் அனுப்புங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

• செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நிலையாக எரிந்தால் "சீக்கிரம் பாருங்கள்" என்று பொருள். மின்னினால் "இப்போதே ஓரம் கட்டுங்கள்". எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. ஒரு ப்ளக்கோடு போக வேண்டிய செலவு, விலையுயர்ந்த கன்வெர்ட்டரில் வந்து நிற்கும்.

• ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று திரும்பாதீர்கள். பழைய மாருதி 800, ஆம்னி போன்ற கார்பரேட்டர் வண்டியில் அந்த ஸ்க்ரூ அதற்காகவே இருக்கிறது. அதிலும் ஜெட்டைச் சுத்தம் செய்து, சோக் சிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் திருப்ப வேண்டும். இன்ஜெக்‌ஷன் காரில் த்ராட்டில் தகட்டின் ஸ்க்ரூ கம்பெனியில் வைத்த அளவு. அதைத் தொட்டால் கம்ப்யூட்டரின் கணக்கு முழுக்கத் தப்பும். நோய் மறைந்து, ஆர்பிஎம் ஏறி, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

• காற்றுக் கசிவு தேட ஓடும் எஞ்சின் மீது பெட்ரோல் தெளிக்க விடாதீர்கள். சில ஷெட்டுகளில் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தெளிப்பார்கள். ஆர்பிஎம் மாறினால் கசிவு அங்கே என்பது தந்திரம். தந்திரம் உண்மைதான். சூடான சைலன்சரும் காயில் பொறியும் அருகிலேயே இருப்பதும் உண்மை. கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும் பொருள்தான். குழாயை இடுக்கியால் மெல்ல நசுக்கிப் பார்க்கலாம், அல்லது ஸ்மோக் டெஸ்ட் வசதியுள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம்.

• ஓடும் எஞ்சினில் ப்ளக் வயரைக் கையால் பிடுங்காதீர்கள். காயில் கொடுப்பது பல்லாயிரம் வோல்ட். உங்களுக்கு ஷாக், காயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேதம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் ஓடும் எஞ்சினின் காயில் பக்கமே போக வேண்டாம்.

• காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்த விடாதீர்கள். பழைய இண்டிகா, பழைய ஜீப் பார்த்துப் பழகிய கைகள் ஒவ்வொரு பைப்பாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும். ஸ்விஃப்ட் டீசல் போன்ற புதியவற்றில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்கேனரில் இன்ஜெக்டர் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

• இரிடியம் ப்ளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். முடி போன்ற முனை போய்விடும். சாதாரண ப்ளக்கையும் சூடான அலுமினிய ஹெட்டில் கழற்றவோ முறுக்கவோ வேண்டாம். மரை போனால் ஹெட்டையே இறக்க வேண்டும்.

• எலெக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். சாவி ஆனில் இருந்தால் தகடு தானாக மூடி விரலைக் கடிக்கும். உப்புத்தாளும் கூடாது, துணியும் கிளீனரும் போதும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அதற்கான ஸ்ப்ரே தவிர வேறெதுவும் கூடாது.

• பேட்டரியைக் கழற்றி மாட்டி லைட்டை அணைக்காதீர்கள். லைட் அணையும், சேமித்த கோடும் அழியும். மெக்கானிக்கிடம் போகும்போது சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. பழைய கார் விற்கிறவர்களின் வித்தை இது. வாங்கப் போகிறவர்கள் காரை அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு ஸ்கேனர் போடுங்கள்.

• மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். மிஸ்ஸிங் எஞ்சினின் புகை வழக்கத்தைவிட விஷம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தலை சுற்றும்போது எழுந்து போகத் தெம்பும் இருக்காது.

• தோளில் துண்டோடும் தொங்கும் துப்பட்டாவோடும் பானெட்டுக்குள் குனியாதீர்கள். பெல்ட் இழுத்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் ஆஃப் ஆன பிறகும் தானாகச் சுற்றும்.

• சாலையில் களம் போட்டிருக்கும் கொள்ளுத் தாள், ராகித் தாள் மீது குலுங்கும் காரை ஓட்டாதீர்கள், நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அறுவடைக் காலத்தில் இது அன்றாடக் காட்சி. மிஸ்ஸிங் உள்ள காரின் கன்வெர்ட்டர் வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருக்கும். அடியில் சுற்றிக்கொண்ட காய்ந்த தாள் தீப்பிடிக்க அது போதும். தெரியாமல் ஏறிவிட்டால் தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பாருங்கள். நாற்றமோ புகையோ வந்தால் எல்லோரும் இறங்கிய பிறகுதான் மற்றது.

• ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்துக்கு வந்ததே நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால்தான். ரேடியேட்டருக்கு எதிரி ஃப்ளோரைடு அல்ல, கூடவே கரைந்து வரும் சுண்ணாம்பு உப்பு. அது படிந்தால் சூடு சரியாக வெளியேறாது, டெம்பரேச்சர் சென்சார் தப்பாகச் சொல்லும், அதை நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தப்பாக ஊற்றும். கம்பெனி கூலன்ட், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

• சமையல் சிலிண்டர் கேஸில் ஓடும் ஆம்னியில் ஏறாதீர்கள், குழந்தைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். சட்டப்படி குற்றம். ஐட்லிங் சரியில்லாததற்குக் காரணம் கேஸ் கசிவாகவும் இருக்கலாம். அதைத் தேட நேரம் கொடுக்காது.

• பாட்டிலில் வரும் மருந்தை டேங்க்கில் ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அழுக்கேறிய இன்ஜெக்டருக்குக் கொஞ்சம் உதவும். வெடித்த குழாயையும் செத்த காயிலையும் எந்த பாட்டிலும் பிழைக்க வைக்காது.

• "ஈசிஎம் போயிடுச்சு" என்றதும் தலையாட்டாதீர்கள். ஈசிஎம் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் கெடுவது உண்டு, ஆனால் அபூர்வம். அதற்கு வரும் பவர், எர்த், வயர் மூன்றையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியும், தளர்ந்த எர்த் போல்ட்டும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

• குளிர்ந்த எஞ்சினில் சீராக ஓடுவதைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி முழுச் சூடாக்கிவிட்டு ஷெட் வாசலிலேயே நிறுத்துங்கள். ஏசி, ஹெட்லைட் இரண்டையும் போடுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால், ரேஸ் செய்து பட்டென்று விட்டாலும் அணையாமல் தாழ்ந்து நின்றால், பணத்தைக் கொடுங்கள். அதன் பிறகும் இரண்டு நாள் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பூர் பக்கம் போங்கள்.